குத்தகைக் காலம் முடிந்தால் காணியை விட்டு எழும்பத்தான் வேண்டுமா?

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்கள் பல இன்று பிறருடைய காணியிலேயே தோட்டம் செய்கின்றன. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்தவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் மக்கள், 2006 ஆம் ஆண்டில் சம்பூரை விட்டு ஓடியவர்கள் என்று எவரை எடுத்தாலும், வந்த இடத்தில் குத்தகைக் காணி இல்லாமல் அடுப்பு எரிந்திருக்காது. சிலர் பின்னர் ஊர் திரும்பினர். சிலருடைய காணி பகுதி பகுதியாக விடுபட்டது. இன்னும் பலர் குத்தகையிலேயே காலம் கழிக்கின்றனர்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. “எழுதின காலம் முடியப் போகிறது. காணிக்காரர் தொடர்ந்து தருவாரா? தர மறுத்தால் எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?” கிணறு வெட்டி, வேலி அடைத்து, எரு போட்டு மண்ணைப் பண்படுத்திய குடும்பத்துக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. மூன்று வருட உழைப்பும் வாங்கிய கடனும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சிலருக்குக் காலம் முடிந்த நாளோடு உரிமையும் முடிந்துவிடும். சிலருக்குக் கடதாசியில் எந்தத் திகதி இருந்தாலும் உரிமை முடிவதில்லை. வேறு சிலர் ஒரு விண்ணப்பத்தை உரிய நேரத்தில் கொடுக்காததால் மட்டும் உரிமையை இழக்கிறார்கள். நாம் எந்த வகையில் சேர்கிறோம் என்பதை அறிந்துகொள்வதே முதல் வேலை. காணி தனியாருடைய மேட்டுக்காணியா, நெல்வயலா, அரசகாணியா என்பதைப் பொறுத்தே விடை மாறும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தனியார் மேட்டுக்காணி: எழுதியதே உரிமை

வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை, மரக்கறி முதலியன செய்யும் தோட்டக்காணிகள் இவ்வகையில் அடங்கும். இங்கே சட்டம் குத்தகைக்காரருக்குத் தானாக எந்தப் புதுப்பித்தல் உரிமையையும் கொடுப்பதில்லை. ஐந்து வருடக் குத்தகை என்றால் ஐந்து வருடம் முடியக் காணியை ஒப்படைக்க வேண்டும். நீட்டித் தருவதும் தராததும் காணி உடையவரின் விருப்பம். அவர் முன்னரே நீட்டித் தருவதாக முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு.

இதிலே “முறைப்படி” என்ற சொல் மிக முக்கியம். எமது நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும். பிரசித்த நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்கக் கைச்சாத்திடப்பட வேண்டும். முத்திரையில் கையொப்பமிட்ட துண்டு, கொப்பித் தாளில் எழுதிய ஒப்பந்தம், கிராம அலுவலர் முன் எழுதிய கடிதம் ஆகியவை பணம் கொடுத்ததற்குச் சாட்சியாக உதவலாம். ஆனால் “ஐந்து வருடத்துக்குத் தந்தேன்” என்பதை அவற்றைக்கொண்டு நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. அப்படிப்பட்ட குத்தகையில் இருப்பவர் பெரும்பாலும் மாதத்துக்கு மாதம் இருப்பவராகவே கருதப்படுவார். உரிய மாத அறிவித்தல் கொடுத்து அவரை எழும்பச் சொல்லலாம்.

நீட்டித் தருவதாகக் கொடுக்கும் வாக்குறுதிக்கும் இதே விதிதான். “முதல் ஐந்து வருடம் முடியட்டும், பிறகும் நீங்களே செய்யுங்கள்” என்று காணிக்காரர் வாயால் சொன்னது நல்ல மனத்தைக் காட்டும், உரிமையைக் கொடுக்காது. அவர் காலமாகிவிட்டால், அல்லது வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் காணியை விற்க நினைத்தால், அந்தச் சொல் எவரையும் கட்டாது. ஆகவே குத்தகை உறுதியிலேயே புதுப்பித்தல் வாசகம் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

அந்த வாசகம் தெளிவாக இருக்க வேண்டும். “இருவரும் சம்மதித்தால் நீடிக்கலாம்” என்று எழுதுவதில் பயன் எதுவும் இல்லை. இருவரும் சம்மதித்தால் வாசகம் இல்லாமலே நீடிக்கலாம் அல்லவா? “அப்போது பேசித் தீர்மானிக்கும் குத்தகைப் பணத்துக்கு” என்று எழுதுவதும் ஆபத்தானது. பேச்சு முறிந்தால் உரிமையும் முறிந்துவிடும். எத்தனை வருடம், எவ்வளவு பணம் அல்லது எந்தக் கணக்கின்படி பணம், எப்போது எப்படி அறிவிக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். உதாரணமாகப் பின்வருமாறு எழுதலாம்:

“குத்தகைக்காரர் விரும்பினால், இக்குத்தகைக் காலம் முடிய மூன்று மாதங்களுக்கு முன்னராக எழுத்தில் அறிவித்து, மேலும் ஐந்து வருடங்களுக்கு, வருடமொன்றுக்கு இத்தனை ரூபா வீதம், இதே நிபந்தனைகளுடன் இக்குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ள உரித்துடையவர்.”

உங்கள் நொத்தாரிசு இதைச் சட்டமொழியில் திருத்தி எழுதுவார். ஆனால் இப்படி ஒரு வாசகம் வேண்டும் என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான். கேட்காவிட்டால் அவர் அதைச் சேர்க்க மாட்டார்.

நாள் கடந்தும் காணியில் இருந்தால்?

பல இடங்களில் குத்தகைக் காலம் முடிந்தும் எவரும் எதுவும் பேசுவதில்லை. குத்தகைக்காரர் தொடர்ந்து செய்கிறார், காணிக்காரரும் தொடர்ந்து பணம் வாங்குகிறார். இதனால் இன்னொரு ஐந்து வருடம் கிடைத்துவிட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. புதிய உறுதி முடிக்காதவரை அது மாதத்துக்கு மாதமான இருப்பாகவே கொள்ளப்படும். இந்த நம்பிக்கையில் தென்னை நடுவதும் குழாய்க் கிணறு அடிப்பதும் பெரிய நட்டத்தில் முடியக்கூடும்.

பத்து வருடம் இருந்தால் காணி நமதாகுமா?

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பத்து வருட ஆட்சியைப் பற்றிப் பேசுகிறது. அது உடையவருக்கு எதிராக, அவருடைய உரிமையை ஏற்காமல், தடையின்றி ஆண்டவருக்கே பொருந்தும். குத்தகைக்காரராக உள்ளே வந்தவர் உடையவரின் உரிமையை ஏற்றுக்கொண்டே வந்தவர். அவர் இருபது வருடம் இருந்தாலும், அந்த நிலை மாறாத வரை, ஆட்சியுரிமை கோர முடியாது. இதைக் குத்தகைக்கு எடுத்தவரும் அறிய வேண்டும். கொடுத்தவரும் அறிய வேண்டும். “பத்து வருடமாகப் போகிறது, காணி போய்விடும்” என்ற பயத்தினால் மட்டும் நல்ல குத்தகைக்காரரை எழுப்பிவிட வேண்டியதில்லை. ஒழுங்காக எழுதிய குத்தகை உறுதிதான் உடையவருக்கும் பாதுகாப்பு.

காணியை விற்றுவிட்டால்?

“வாங்கியவர் வந்து எழும்பச் சொல்கிறார்” என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. குத்தகை நொத்தாரிசு உறுதியாக முடிக்கப்பட்டு, காணிப் பதிவகத்திலும் பதியப்பட்டிருந்தால், அதன்பின் வாங்கியவர் மீதிக் காலம் முடியும்வரை குத்தகையை மதிக்க வேண்டும். குத்தகைக்குப் பின்பே விற்பனை என்பது எமது பொதுச்சட்டத்தின் பழைய கொள்கை. ஆனால் 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத உறுதி, பணம் கொடுத்து வாங்கிப் பின்னர் பதிந்த உறுதிக்கு முன் வலுவிழக்கும். ஆகையால் உறுதி முடித்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதிவாகிவிட்டதா என்று கேட்டு, பதிவிலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் கையொப்பமிட வேண்டும்?

எமது பகுதிகளில் ஒரு காணிக்குப் பல பங்குக்காரர் இருப்பது வழக்கம். ஒரு சகோதரர் மட்டும் எழுதிக்கொடுத்த குத்தகையை மற்றவர்கள் பின்னர் ஏற்க மறுக்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண்ணின் காணியாயின், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமையேற்புக் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கோரியது. ஆதலால் நொத்தாரிசு அதைப் பற்றிக் கேட்கக்கூடும். உடையவர் வெளிநாட்டில் இருந்து, இங்குள்ள உறவினர் அற்றோணித் தத்துவத்தின் மூலம் கையொப்பமிடுவதாயின் இரண்டு விடயங்களைப் பாருங்கள். குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா? தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த நாளோடு தத்துவமும் முடிந்துவிடும். அதன்பின் புதுப்பித்த குத்தகை செல்லாது.

மாறாக, முறைப்படி எழுதிய குத்தகை, காலம் முடியுமுன் இரு தரப்பில் ஒருவர் இறந்ததால் மட்டும் முடிந்துவிடாது. உறுதியில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், மீதிக் காலம் வாரிசுகளைச் சேரும்.

ஒற்றி வேறு, குத்தகை வேறு என்பதையும் மறக்கக்கூடாது. ஒற்றியில் காணிக்காரர் கடன் வாங்குகிறார். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனை எடுக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். அங்கே புதுப்பித்தல் என்ற பேச்சு எழுவதில்லை. எது என்று தெரியாமல் இரண்டையும் கலந்து எழுதிய கடதாசிகளே நீண்ட வழக்குகளுக்குக் காரணமாகின்றன.

2. நெல்வயல்: திகதி முடிந்தாலும் உரிமை முடிவதில்லை

நெற்காணியின் கதை முற்றிலும் வேறு. முன்னொரு காலத்தில் வாரக்குடிகளை ஒவ்வொரு போகத்துடனும் எழுப்பிவிட முடிந்தது. அதைத் தடுக்கவே, பிலிப் குணவர்த்தன விவசாய அமைச்சராக இருந்த காலத்தில், 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் இடத்தை 1979 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டமும், பின்னர் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் எடுத்தன. அடிப்படைக் கொள்கை ஒன்றுதான். பிறர் வயலை வாய்ப்பேச்சாலோ எழுத்தாலோ எடுத்துத் தானே கமம் செய்பவரை, அச்சட்டம் சொல்லும் வழியிலன்றி எவரும் எழுப்ப முடியாது. அவர் ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தல் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் “இந்தக் காலபோகத்துக்கு மட்டும்” என்று எழுதியிருப்பது மாத்திரம் அவருடைய உரிமையை அழித்துவிடாது.

ஆனால் “தானே கமம் செய்பவர்” என்பதற்கு இச்சட்டங்களில் பொருள் உண்டு. உழுதல், விதைத்தல், அறுத்தல் என்னும் மூன்றில் இரண்டையாவது அவரோ அவர் குடும்பத்தவரோ, அல்லது பிறரோடு சேர்ந்தோ, செய்ய வேண்டும். பயிரைப் பராமரித்துக் காவல் காக்கும் வேலையும் அவருடையதாக இருக்க வேண்டும். வயலை எடுத்து இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டுப் பணம் வாங்குபவர் இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. உடையவருக்குரிய பங்கை ஒழுங்காகக் கொடுக்க வேண்டியதும் அவர் கடமை. கொடுத்ததற்கு ஒவ்வொரு போகத்திலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

இந்த உரிமைக்குச் சாட்சி எங்கே? கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயக் காணிப் பதிவேட்டில் இருக்கிறது. வயலின் பெயர், பரப்பளவு, உடையவர் யார், கமம் செய்பவர் யார் என்பன அதில் எழுதப்படும். பிணக்கு வரும்போது அதிகாரிகள் முதலில் புரட்டுவது அதைத்தான். பல வருடமாக வயல் செய்பவரின் பெயர் அதில் இல்லாமல் உடையவரின் பெயரே கமம் செய்பவராகவும் இருப்பதைக் காண்கிறோம். பசளை மானியம் வரும்போது மட்டும் பதிவைப் பற்றி விசாரிக்காமல், போகம் தொடங்குமுன் சென்று உங்கள் பெயரைப் பாருங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் விண்ணப்பியுங்கள். கமக்காரர் அமைப்பின் உறுப்புரிமையும் கூட்டப் பதிவுகளும் துணைச் சாட்சியாகும்.

எழுப்பப்பட்டால் எவ்வளவு காலத்துள் முறையிட வேண்டும்? 1979 ஆம் ஆண்டின் சட்டம் எழுப்பப்பட்ட நாளிலிருந்து இரண்டு வருட எல்லையை வைத்தது. அதற்குள் எழுத்தில் அறிவிக்காதவர் வயலைத் திரும்பப் பெறும் உரிமையை இழந்தார். இன்றும் தாமதம் உரிமையைக் கெடுக்கும் என்றே கொள்ளுங்கள். அடுத்த போகத்துக்கு முன்னரே கமநல அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டின் பிரதியில் திகதியும் கையொப்பமும் பெறுவதே புத்தி.

போரினால் வயலை விட்டு ஓடியவருடைய நிலை, உடையவரால் எழுப்பப்பட்டவருடைய நிலை போன்றதல்ல. ஆனால் ஊர் திரும்பி வயலில் இறங்கியபோது எவராவது தடுத்தால், அந்த நாள் மிக முக்கியமானது. யார் தடுத்தார், என்ன சொன்னார், யார் பார்த்தார் என்பதை அன்றே எழுதி வைத்து முறையிடுங்கள். “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்று இரண்டு மூன்று போகம் கழித்தால், அங்கே புதிதாக இறங்கியவரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும்.

இச்சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்து பல உடையவர்கள் வயலைத் தரிசாக விடுகின்றனர். அல்லது ஒவ்வொரு போகத்துக்கும் ஆளை மாற்றுகின்றனர். இடம்பெயர்ந்தவர்களுக்கு வயல் கிடைக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். எங்களில் பலர் ஓரிடத்தில் வாரக்குடி, ஊரில் வயல் உடையவர். இரு நிலையிலும் நிற்கும் நாம், வேண்டும்போது மட்டும் சட்டத்தைப் பேசாமல், இரு பக்க நியாயத்தையும் பார்த்து நடப்பது நல்லது.

3. அரசகாணி: புதுப்பிக்காத கடதாசி கைகொடுக்காது

அரசகாணியில் இருப்போரிடம் மூன்று வகைக் கடதாசிகளைக் காணலாம்.

முதலாவது, வருடாந்த அனுமதிப்பத்திரம். இது பெயருக்கேற்ப ஒரு வருடத்துக்கே செல்லும். அடுத்த வருடத்துக்கு மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதிலே உறங்கிப் போனவர்கள் பலர். “பதினைந்து வருடமாக இருக்கிறோம், யாரும் கேட்கவில்லை” என்பார்கள். ஆனால் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறல்) சட்டத்தின் கீழ், எழும்பும்படி அறிவித்தல் வந்து, பின்னர் நீதவான் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனால், அங்கே சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: “சட்டப்படி வழங்கப்பட்ட, இன்றும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்துமூல அதிகாரம் என்னிடம் இருக்கிறது.” எத்தனை வருடம் இருந்தோம், எவ்வளவு செலவு செய்தோம் என்ற கதை அங்கே எடுபடாது. பத்து வருட ஆட்சியும் அரசுக்கு எதிராகச் செல்லாது. ஆகவே புதுப்பித்த பற்றுச்சீட்டுகள் ஒவ்வொன்றும் உங்கள் கூரையைத் தாங்கும் கப்புக்குச் சமம்.

இரண்டாவது, நீண்டகாலக் குத்தகை. 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரசகாணிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது கொடுக்கப்படுகிறது. முப்பது வருடம் என்பது வழக்கமான காலம். நீட்டுதல் தானாக நடப்பதில்லை. காலம் முடியுமுன் பிரதேச செயலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். குத்தகைப் பணம் நிலுவையில் இருந்தாலோ, காணியை வேறு தேவைக்குப் பாவித்திருந்தாலோ விண்ணப்பம் சிக்கலாகும். முதலில் நிலுவையைத் தீருங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணைமுறையில் கட்ட எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

மூன்றாவது, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரம். குடியேற்றத் திட்டங்களிலும் கிராம விஸ்தரிப்புக் காணிகளிலும் இருப்போர் “பெர்மிற்” என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது வருடாவருடம் முடிவதில்லை. நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும்வரை நிலைத்திருக்கும். பின்னர் அளிப்புப் பத்திரமாக உயரவும் கூடும். நிபந்தனையை மீறியதாகக் கருதினால், அதிகாரி முதலில் காரணம் கேட்டு அறிவித்தல் அனுப்பி விசாரணை செய்ய வேண்டும். காணியில் குடியிருக்கவில்லை, பயிரிடவில்லை என்று உங்களுக்கு அறிவித்தல் வந்தால் அதை வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இடம்பெயர்ந்ததே காரணம் என்பதை, முகாம் பதிவு, பங்கீட்டு அட்டை, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றோடு குறித்த நாளில் முன்வையுங்கள்.

இவ்வகைக் காணியில் பின்னுரித்தாளர் நியமனமும் புதுப்பித்தலைப் போன்றே முக்கியம். நியமனம் பதியாமல் அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால், சட்டத்திலுள்ள வரிசைப்படியே காணி போகும். நீண்ட காலமாக அந்த வரிசை ஆண்பிள்ளைக்கே முதலிடம் கொடுத்தது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆயினும் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் நியமனத்தைப் பதிந்துவிட்டால், பிள்ளைகளுக்கிடையே பிணக்கு வராது.

ஒரு எச்சரிக்கை. இவ்வகை அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. இடம்பெயர்ந்து வந்தவர்கள் பலர் இப்படிப்பட்ட காணியை முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்துக் “குத்தகைக்கு” எடுத்து, பின்னர் காணியையும் பணத்தையும் இழந்திருக்கிறார்கள். காணி எடுக்குமுன் “இது உறுதிக் காணியா, பெர்மிற் காணியா?” என்று கேளுங்கள். அசல் கடதாசியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அரசகாணி விடயங்களுக்கு முன்பு ஏ.ஜி.ஏ. கந்தோருக்குப் போனோம். 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் அந்த அதிகாரங்கள் பிரதேச செயலாளருக்கு உரியன. கடதாசி தொலைந்திருந்தால், காணி அமைந்துள்ள பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியிலேயே பேரேட்டைப் பார்த்து உறுதிப்படுத்திய பிரதி கேட்க வேண்டும். தனியார் உறுதி தொலைந்தால், அந்த மாவட்டத்துக் காணிப் பதிவகத்தில் விசாரிக்க வேண்டும். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி அங்கே சேர்ப்பிக்கப்படுவது வழமை.

4. ஊரில் விட்டு வந்த காணி

ஊரிலுள்ள காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஓடி வந்தவர்களும் நம்மிடையே உளர். குத்தகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. எடுத்தவர் இருக்கிறாரா, வேறு எவரோ இருக்கிறாரா என்பதே தெரியாது. குத்தகைக்காரரே இருந்தால், மேலே சொன்னபடி அவர் ஆட்சியுரிமை கோருவது எளிதல்ல. ஆனால் உங்களை அறியாத ஒருவர் புகுந்து பத்து வருடத்துக்கு மேல் இருந்தால் பிரச்சினை பெரிது.

இதற்காகவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலவிதிப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் தமது காணி உரிமையை நீதிமன்றத்தில் கேட்க முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. வழக்கிடுவதற்கு அச்சட்டம் விதித்த காலம் இரண்டு வருடம். அதைத் தவறவிட்டவர்கள், போர் முடிந்து 2009 இலிருந்தும் பத்து வருடத்துக்கு மேல் கடந்துவிட்டது என்பதை உணர்ந்து, உடனே ஒரு சட்டத்தரணியைக் கண்டு தமது நிலையை ஆராய வேண்டும். காணிக்குப் போக முடிந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது போய், எல்லையைப் பார்த்து, இருப்பவருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். சிறு தொகையாயினும் குத்தகைப் பணம் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதுவது உங்கள் உரிமையைக் காக்கும்.

5. பலவந்தமாக எழுப்பினால்

காலம் முடியுமுன் காணிக்காரரோ பிறரோ வேலியைப் பிடுங்கி, பயிரை அழித்து எழுப்ப முயன்றால், கைகலப்புக்குப் போகாதீர்கள். உடனே பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், சமாதானம் குலையக்கூடிய காணிப் பிணக்கை நீதிமன்றம் விசாரிக்கும். வழக்குத் தாக்கலுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் காணியில் இருத்த அது கட்டளையிடலாம். இரண்டு மாதம் என்பதை மனத்தில் பதியுங்கள். சமரசம் பேசுவோம் என்று மூன்றாம் மாதம் வரை இழுத்தால் இந்த எளிய வழி அடைபட்டுவிடும்.

சமாதானமாகத் தீர்க்கக்கூடியவற்றுக்கு மத்தியஸ்த சபைகள் உள்ளன. சில மாவட்டங்களில் காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட மத்தியஸ்த சபைகள் இயங்கி வந்துள்ளன. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்டக் காரியாலயத்தை நாடலாம்.

6. காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது செய்ய வேண்டியவை

(அ) கடதாசியை எடுத்து முடியும் திகதியைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். புதுப்பிக்கும் வாசகம் இருந்தால் அறிவித்தல் கொடுக்க வேண்டிய கடைசி நாளையும் எழுதுங்கள்.

(ஆ) அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் காத்து வையுங்கள். நேரில் சொல்லியும் வையுங்கள், உறவு முறியக்கூடாது.

(இ) இதுவரை கட்டிய குத்தகைப் பணத்தின் பற்றுச்சீட்டுகளை வருடவாரியாகச் சேருங்கள். இல்லாதவற்றுக்கு இப்போதே கேட்டு வாங்குங்கள்.

(ஈ) பயிரைக் காலத்தோடு பொருத்துங்கள். வாழை குலை தள்ளி வெட்ட ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும். தென்னை காய்க்க ஐந்தாறு வருடம் வேண்டும். எஞ்சிய காலத்தைவிட நீண்ட பயிரை எழுத்தில்லாமல் நடாதீர்கள்.

(உ) கிணறு, வேலி, பயன்தரு மரம் ஆகியவற்றுக்குக் காலமுடிவில் நட்டஈடு உண்டா, நிற்கும் பயிரை அறுவடை செய்ய அவகாசம் உண்டா என்பதைப் புதிய உறுதியில் எழுதுவியுங்கள்.

(ஊ) உறுதி முடித்த பின் பதிவு நடந்ததா என்று பாருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஓடும்போது கடதாசியைத் தொலைத்த அனுபவம் நமக்குப் புதிதல்ல.

குத்தகை என்பது இரவல் அல்ல. அது விலை கொடுத்து வாங்கிய காலம். அந்தக் காலம் எந்த நாளில் முடிகிறது, முடிந்தபின் என்ன உண்டு என்பதை அறியாமல் உழைப்பது, எல்லை தெரியாத காணியில் விதைப்பது போலாகும். வயல் செய்பவர் பதிவேட்டில் தன் பெயரைப் பார்க்கட்டும். அரசகாணியில் இருப்பவர் இந்த வருடத்துப் பற்றுச்சீட்டைத் தேடி எடுக்கட்டும். தோட்டக்காணி எடுத்தவர் தன் உறுதியில் புதுப்பித்தல் வாசகம் இருக்கிறதா என்று இன்றிரவே விளக்கடியில் வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பெரியோருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். அடுத்த போகத்துக்கு விதைநெல் கட்டி வைப்பதுபோல, கடதாசியையும் இப்போதே ஒழுங்கு செய்து வைப்போம்.